ரன்னிங் கண்டிஷன்

சங்ககிரிப் பக்கம் பிறந்தவனுக்கு எஞ்சின் வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பது பெரியண்ணனின் திடமான எண்ணம். ஊரில் வீட்டுக்கு வீடு லாரி, தெருவுக்குத் தெரு பட்டறை, நடக்கப் பழகுவதற்கு முன்பே டீசல் வாசனை மூக்கில் ஏறிவிடுகிறது என்பான். இதில் ஒரே ஒரு இடறல்தான் உண்டு. பெரியண்ணன் ஒரு நாள்கூட எந்தப் பட்டறையிலும் வேலை பார்த்ததில்லை. பத்தொன்பது வயதில் சிமெண்டுச் சட்டி தூக்க தில்லிக்கு ரயிலேறியவன். பிறகு லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் விடியற்காலையில் அதிகாரிகளின் கார்களைக் கழுவினான். கழுவிய கார்களைத் தள்ளி நிறுத்தியதில் ஓட்டக் கற்றுக்கொண்டான். ஓட்டத் தெரிந்த பிறகு பிரிக்கவும் தெரியும் என்று அவனாகவே முடிவுசெய்துகொண்டான்.

அந்த முடிவால்தான் திரிலோக்புரியின் பதினோரு அடிச் சந்தில், அவன் வீட்டு வாசலில், ஒரு பழைய பெட்ரோல் வேன் மூன்று மாதமாக வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது.

அந்த வேனுக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைக் கழற்றி வெளியே வைத்தால்தான் கையே உள்ளே போகும். போன கை திரும்பி வரும்போது எங்கேயாவது தோல் உரிந்திருக்கும். குறுக்கே ஒரு தகடு, தகடுக்குப் பின்னால் ஒரு போல்ட், அந்தப் போல்ட்டைப் பார்க்க முடியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். இதை வடிவமைத்தவன் ஒரு நாளாவது இதைக் கழற்றிப் பார்த்திருப்பானா என்று பெரியண்ணன் தினமும் கேட்பான். கேட்டுவிட்டு அவனுடைய ஏழு தலைமுறையையும் ஹிந்தியில் திட்டுவான். திட்டுவதற்கு ஹிந்திதான் அவனுக்கு வாகாக வரும்.

வேன் ராமசுப்ரமணியம் சாருடையது. மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர். அவர் வீட்டில் அவன் மனைவி வேலம்மாள் பாத்திரம் தேய்த்தாள், பெரியண்ணன் வண்டி ஓட்டினான். பையன் கௌஷிக்கைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது, வீட்டு அம்மாவை மலை மந்திர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனது எல்லாம் இந்த வண்டியில்தான். ஆறு வருஷம் முன்னால் சார் ஓய்வு பெற்று துவாரகா ஃபிளாட்டுக்குக் குடிபோன அன்று சாவியை எடுத்து பெரியண்ணன் கையில் வைத்து, "நீயே வச்சுக்கோ. பதினாறு வருஷம் உழைச்சிருக்கே" என்றார். பெயர் மாற்றும் ஃபாரங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

பெரியண்ணன் பெயரை மாற்றவில்லை. சோம்பல் இல்லை, கணக்குப் போட்டுத்தான் மாற்றாமல் இருந்தான். புருஷனும் பெண்சாதியும் அந்த வேனில் இட்லி டிரம், சாம்பார் டிரம், வடைக் கூடை எல்லாம் ஏற்றிக்கொண்டு லோதி ரோடு ஆபீஸ்கள் பக்கத்தில் நாவல் மரத்தடியில் டிபன் விற்றார்கள். சொந்த உபயோகத்துக்கான வண்டியில் வியாபாரம் செய்யக் கூடாது. முதல் மாதமே நிஜாமுதீன் பாலத்தில் போலீஸ்காரன் மறித்தான். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தவன் பெயரையும் லோதி ரோடு பெரிய குவார்ட்டர்ஸ் முகவரியையும் படித்துவிட்டு, "சாஹப் கி காடி ஹை?" என்றான். சார் வண்டிதான் என்று பெரியண்ணன் தலையாட்டினான். வண்டி முழுக்கச் சாம்பார் மணக்கிறது, பின்னால் வேலம்மாள் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போலீஸ்காரன் சலாம் வைத்து அனுப்பினான். அன்றிலிருந்து சாரின் பெயர் அந்த வண்டிக்குத் தாயத்து மாதிரி ஆகிவிட்டது. திரிலோக்புரித் தமிழர்கள் எல்லோரும் அவனுடைய சாமர்த்தியத்தை மெச்சினார்கள். ஃபாரங்கள் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போய், ஒரு மழைக்காலத்தில் சந்துத் தண்ணீர் உள்ளே வந்தபோது கூழாகிப் போயின.

ஹோலி முடிந்த வாரம் அதே பாலத்தில் வண்டி கொதித்தது. சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது, பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. தண்ணீரும் ஆயிலும் உள்ளே எங்கேயோ கலந்துவிட்டன. பட்பட்கஞ்ச் ஒர்க்‌ஷாப்பில் இருந்த பெரியவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கபாடி கோ தே தோ" என்றார். பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொல்கிறார். பெரியண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னும் ஒன்றரை வருசம் இதுக்கு உயிர் இருக்குது" என்றான் வேலம்மாளிடம். தில்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆயுசு, இதற்குப் பதிமூன்றரைதான் ஆகியிருந்தது. "அது வரைக்கும் நானு ஓட்டிக் காட்டறேன். எவன் கையும் இதுல படக் கூடாது."

"காட்டுங்க, காட்டுங்க" என்றாள் வேலம்மாள். "அதுக்குள்ள மரத்தடிய எவனாச்சும் புடிச்சுக்குவான்."

அவள் சொன்னதுதான் பயம். வேன் இல்லாமல் பெரிய டிரம்மைக் கொண்டுபோக முடியாது. இரண்டு தூக்குப் பாத்திரமும் ஒரு ஹாட் பாக்ஸும்தான் ஷேர் ஆட்டோவில் ஏறும். ஆறு மணிக்குப் போக வேண்டியவள் ஏழரைக்குப் போய்ச் சேருவாள். நாவல் மரத்தடியில் ஏற்கெனவே ஒரு சோலே குல்ச்சேக்காரன், கொண்டைக்கடலையும் ரொட்டியும் விற்கிறவன், சைக்கிளை நிறுத்த ஆரம்பித்திருந்தான். முதலில் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றான். சித்திரை பிறப்பதற்குள் இந்தப் பக்கம் வந்துவிட்டான். மழைக்காலம் தொடங்குவதற்குள் டிரம் போய் இறங்காவிட்டால் இடம் கை மாறிவிடும். அந்த இடம் போனால் வேறு பிழைப்பு இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் பெரியண்ணன் எஞ்சினின் தலையை, அதன் மேல் பாகத்தை, கழற்றினான். காலையில் சாம்பார் கொதிக்கிற வாசனையோடு பெட்ரோல் வாசனையும் சேர்ந்து சந்தே நாறியது. கழற்றிய போல்ட்டுகளை எங்கே வைப்பது என்று பார்த்தவன் கண்ணில் இட்லித் தட்டு பட்டது. மத்தியானம் வேலம்மாள் வந்து பார்த்தபோது நான்கு தட்டுகளிலும் குழிக்கு ஒன்றாக எண்ணெய் வடியும் போல்ட்டுகள் உட்கார்ந்திருந்தன.

"ஏனுங்க, இதென்ன வேல பண்ணி வெச்சிருக்கறீங்க? நாளைக்கு இதுல நானு மாவு ஊத்தோணுமா, இல்ல உங்க நட்டையே அவிச்சுக் கொண்டுபோயி விக்கட்டுமா?"

"அட சித்த இரு புள்ள. எடுத்த போல்ட்டு எடுத்த எடத்துக்கே மறுக்காப் போவோணும். மாறிப்போச்சுன்னா அவ்வளவுதான். இதப் பாரு, குழி குழியா எப்புடி வாகா அமைஞ்சிருக்குது!"

"வாகா அமைஞ்சிருக்குதா? உங்க தலையிலதான் கவுத்தோணும்."

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் மூன்று நாள் இட்லியில் ஆயில் வாடை போகவில்லை. வாடிக்கையாக வாங்கும் கிளார்க் ஒருவர் இட்லியை முகர்ந்து பார்த்துவிட்டுக் குல்ச்சேக்காரன் பக்கம் போனார். மறுநாள் பழைய தட்டுகள் இரண்டை வேலம்மாளே எடுத்து வந்து அவன் முன்னால் போட்டு, "இது உனக்கு" என்றாள். கோபம் முற்றினால் அவளுக்கு மரியாதை ஒருமைக்கு இறங்கிவிடும்.

சித்திரை முதல் நாள் சார் போன் செய்தார். ஆறு வருஷமாக இவர்கள்தான் பண்டிகைக்குக் கூப்பிடுவார்கள். அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை. பெரியண்ணன் கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று பேசினான்.

"என்ன பெரியண்ணன், சௌக்கியமா? வேலம்மா நன்னா இருக்காளா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க சார்."

"வண்டி எப்படி இருக்கு? ஓடறதா?"

"தலையக் கழட்டியிருக்கறனுங்க. கேஸ்கெட்டு போயிருச்சுங்க. நானே பாக்கறனுங்க சார்."

"நீயேவா? பேஷ். பண்றதை நன்னா பண்ணு, அரைகுறையா விட்டுடாதே. எப்போ ஓடும்?"

"பத்து நாள்ல ஓட்டிப் போடலாமுங்க."

"ஓடினதும் எனக்குச் சொல்லு" என்றார் சார்.

போனை வைத்த பெரியண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாத்தயா புள்ள, பெரிய மனுசன்னா அவருதான். குடுத்து ஆறு வருசமாச்சு, இன்னமும் வண்டிய மறக்கல பாரு" என்றான். வேலம்மாளும் ஆமாம் என்றாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்குப் போன் வந்தது. முதலில் சௌக்கியம், அப்புறம் வண்டி.

பத்து நாள் என்றது எந்தப் பத்து நாள் என்று எஞ்சினுக்குத் தெரியவில்லை. இடையில் கசிவை அடைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கி வைத்து, தலையை ஏற்றி, போல்ட்டுகளை வரிசை பார்த்து முறுக்கினான். இத்தனை இறுக்கம் என்று அளந்து காட்டுகிற ஸ்பேனர் அவனிடம் இல்லை. இரண்டடிக் குழாயை ஸ்பேனரில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, கை சொன்ன அளவுக்கு இறுக்கினான். ஸ்டார்ட் ஆனது. சந்தே கைதட்டியது. நான்கு நாள் கழித்து ஆயிலைப் பார்த்தால் மறுபடி காபி. கொதித்ததில் தலையே வளைந்திருக்கிறது, அதை மட்டம் பார்த்துச் சீவாமல் ஆயிரம் கேஸ்கெட் வைத்தாலும் நிற்காது என்று போனில் ஒரு ஹிந்தி வீடியோக்காரன் சொன்னான். முதல் வீடியோவில் அவன் அதைச் சொல்லவில்லை.

தலையைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் காஷ்மீரி கேட் லேத் பட்டறைக்குப் போனான். மே மாத லூ காற்று ஜன்னல் வழியாக அடுப்பைத் திறந்தாற்போல அடித்தது. கண்டக்டர் சாக்கைப் பார்த்து என்னவென்று கேட்டான். பெரியண்ணன் தலை என்றான். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

லேத்தில் சீவிக்கொண்டு வந்து மாட்டினால் அடுத்த வினை பெல்ட்டில் வந்தது. உள்ளே ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டான். சாவியைத் திருப்பியதும் சைலன்ஸரில் வெடித்தது பாருங்கள், எதிர் வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வற்றலை விட்டுவிட்டு ஒரு கிழவி கீழே ஓடி வந்தாள். மறுபடி சீட், மறுபடி தகடு, மறுபடி அந்தக் கண்ணுக்குத் தெரியாத போல்ட். அந்தப் போல்ட் இந்தத் தடவை கையிலிருந்து நழுவி எங்கேயோ விழுந்தது. அரை நாள் தேடினார்கள். வேலம்மாள் காந்தத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவி எடுத்தாள். எடுத்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல், "இதத்தான் நானும் நெனச்சேன்" என்றான். அவள் காந்தத்தை அவன் மேலேயே வீசினாள்.

ஜூன் மாதம் வண்டி ஓடியது, ஆனால் சூடானதும் சிக்னலில் அணைந்தது. இது எல்லாவற்றையும்விடக் கொடுமை. ஓடாத வண்டியாவது வாசலில் கிடக்கும். இது ஓடுகிற மாதிரி நம்ப வைத்து நடுரோட்டில் கைவிட்டது. நிஜாமுதீன் பாலத்து ஏற்றத்தில் பத்துத் தடவை சாவியைத் திருப்ப வேண்டும், பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும், வேலம்மாள் இறங்கித் தள்ளுவாள். ஒரு நாள் டிரம்மில் இருந்த சாம்பார் பாதி கவிழ்ந்து அவள் காலில் கொட்டியது. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து காலை ஊதிக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் அதைப் பார்த்துவிட்டு வண்டியின் கதவை ஓங்கி உதைத்தான்.

"எனக்கு வேல தெரியலயா புள்ள?" என்றான். "சொல்லு. எல்லாம் சரியாத்தான பண்ணுனேன்? எதுக்கு இப்புடிப் பண்ணுது?"

மூன்று மாதத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வேலம்மாளுக்கு மனது கரைந்துவிட்டது. "ஊட்டுக்குப் போயிப் பாக்கலாம் வாங்க" என்றாள்.

கண்டுபிடித்தது அவள்தான். சாயங்காலம் சீட்டைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓடவிட்டு அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாவாட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"எங்கயோ சீறுதுங்க."

"எஞ்சின்னா சத்தம் வரத்தான் செய்யும்."

"இல்லீங். குக்கர்ல ரப்பரு போனா இப்புடித்தான் சன்னமாச் சீறும். நானு தெனமும் கேக்கறவ." காதை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முடி கருகிவிடப் போகிறதே என்று அவன் பயந்தான். விரலை ஒரு சுண்டு விரல் தடிமனுள்ள ரப்பர் குழாயின் மேல் வைத்தாள். சீறல் நின்றது. வண்டியின் உதறலும் நின்றது. குழாயின் அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு அங்குலத்துக்கு வெடிப்பு. சூடேறினால் வாய் பிளந்துகொண்டு காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. பெரியண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவளும் சிரித்தாள்.

புதுக் குழாய் போட்ட பிறகு இரண்டு நாள் நிஜாமுதீன் பாலம், ஐ.டி.ஓ., கன்னாட் பிளேஸ் என்று வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தான். எங்கேயும் நிற்கவில்லை. திங்கட்கிழமை டிரம் போகும் என்று வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் வேலம்மாள் சொல்லிவிட்டாள். குல்ச்சேக்காரனிடமும் சொன்னாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு சைக்கிளை மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளினான்.

வண்டி ஓடுகிறது என்று சாரிடம் போனில் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம்தான். "சபாஷ்! சனிக்கிழமை கொண்டு வா. பத்து மணிக்குள்ள வந்துடு, கௌஷிக்கும் ஆத்துல இருப்பான்" என்றார்.

சனிக்கிழமை வேலம்மாள் கேசரி கிளறினாள், மெதுவடை சுட்டாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பெரியண்ணன் வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்து எடுத்தான். ஒன்பதே முக்காலுக்கு துவாரகாவில் சாருடைய ஃபிளாட் வாசலில் நின்றார்கள்.

கௌஷிக் வெளியே வந்தான். ஷார்ட்ஸ் போட்டிருந்தான், காதில் ஒரு வெள்ளைப் பொருள். "அங்கிள், ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கோ" என்றான். பெரியண்ணன் சாவியைத் தொட்டான், அவ்வளவுதான், எஞ்சின் உறுமாமல் இரையாமல் ஓட ஆரம்பித்தது.

"வாவ். ஏக்தம் ஸ்மூத்! ரன்னிங் கண்டிஷன்னு அவாளுக்கு எழுதிக் குடுத்திருந்தேன், பயமா இருந்தது. தேங்க் யூ அங்கிள். பதினொண்ணரை மணிக்கு ஸ்லாட், இப்போ கிளம்பினா சரியா இருக்கும்."

"எங்கீங்க தம்பி போவோணும்?"

"ஸ்க்ராப் யார்டுக்கு. அப்பா சொல்லலையா?" கௌஷிக் திரும்பி வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். "ஏப்ரல்லயே புக் பண்ணியாச்சே. பழைய வண்டியைப் போட்டா சர்டிஃபிகேட் தருவா, நான் வாங்கற புதுக் காருக்கு டாக்ஸ் குறையும். ஓடற வண்டின்னா விலையும் கூடத் தருவா. ரெண்டு வாட்டி ஸ்லாட்டைத் தள்ளிப் போட்டேன், உங்க ரிப்பேர் முடியலைன்னு."

பெரியண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதுகூட அவன் காதில் விழவில்லை. வராந்தாவுக்குப் போய் நின்றான். வேலம்மாள் டிபன் கேரியரோடு பின்னால் வந்தாள். சார் பேப்பரை மடித்து வைத்தார்.

"சார், தம்பி என்னமோ சொல்லுதுங்க."

"ஆமா பெரியண்ணன். உக்காரு."

"நீங்க குடுத்ததுங்களே சார். வெச்சுக்கோன்னு உங்க கையால குடுத்தீங்களே."

"குடுத்தேன். இல்லேன்னு சொல்லலையே. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத் தந்தேனா இல்லையா? ஆறு வருஷமா ஏன் மாத்திக்கலை?"

உங்கள் பெயரைக் காட்டித்தான் போலீஸிடம் தப்பித்தேன் என்று பெரியண்ணன் எப்படிச் சொல்வான்? சார் அதையும் தெரிந்து வைத்திருந்தார்.

"என் பேரைச் சொல்லிண்டு நீ வியாபாரம் பண்றது எனக்குத் தெரியாதா? போனாப் போறதுன்னு விட்டேன். நாளைக்கு நீ எவன் மேலயாவது ஏத்தினா போலீஸ் என் ஆத்து வாசல்லதானே வந்து நிப்பான்? எழுபதை நெருங்கிண்டிருக்கேன், எனக்கு இதெல்லாம் வேண்டாம். இப்போ கௌஷிக்குக்கும் பிரயோஜனப்படறது. காகிதப்படி வண்டி என்னோடது."

"காகிதம் இருக்கட்டுமுங்க" என்றாள் வேலம்மாள். அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. "திங்கக்கெழம காத்தால டிரம்ம நானு எதுலங்க ஏத்தறது? அதச் சொல்லுங்க."

"ஏதாவது ஒரு ஆட்டோ பாத்துக்கோ, வேலம்மா. மாசம் கொஞ்சம் நான் ஏதாவது…"

"உங்க காசு எங்களுக்கு வேண்டாமுங்க."

பெரியண்ணன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். அவனுக்கு வண்டி போவதைவிட வேறொன்று நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. "சித்திரையிலயே சொல்லியிருக்கலாமுங்களே சார். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுனீங்க. நல்லா பண்ணு, அரைகுறையா உடாதேன்னு சொன்னீங்க. அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

ராமசுப்ரமணியம் சார் அவனை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆபீஸில் ஒரு ஃபைலை விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ மெனக்கெட்டு ரிப்பேர் பண்ணியிருப்பியா?"

வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கௌஷிக் போனில் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியண்ணனுக்கு அந்த நிமிஷம் இத்தனை வருஷமும் ஒரே வீச்சில் கண்ணுக்குத் தெரிந்தது, தான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதும் தெரிந்தது. உரிந்த விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தன.

"கௌஷிக்குக்கு இந்த கியர் வண்டி ஓட்ட வராது. அவன் ஆட்டோமேட்டிக்லயே பழகிட்டான்" என்றார் சார், கொஞ்சம் இறங்கிய குரலில். "நீயே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடேன், பெரியண்ணன். அவன் பின்னாடியே கேப்ல வருவான்."

"சாவிய வெச்சுட்டு வாங்க" என்றாள் வேலம்மாள். "மெட்ரோ இருக்குது, போலாம்."

அவன் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று பிறகு எத்தனையோ நாள் தன்னையே திட்டிக்கொண்டான். இருபத்திரண்டு வருஷமாகச் சரிங்க சார் சொல்லியே பழகிய நாக்கு, அன்றைக்கும் அதையே சொன்னது. சொன்ன பிறகு அவளிடம் ஒரு காரணமும் சொன்னான். "எவனோ ஒருத்தன் வந்து கியரக் கரகரன்னு போட்டு இழுத்துட்டுப் போவான் புள்ள. என்னால அதப் பாக்க முடியாது."

"அப்ப நானும் வரேன். வழியில அழுதீங்கன்னா பாக்க ஆள் வேணுமல்ல." அவள் கேசரியையும் வடையையும் வராந்தாவில் வைக்கவில்லை. கேரியரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

யார்டு ஹரியானா எல்லையைத் தாண்டி, புழுதிச் சாலையில் இருந்தது. மேகம் மூடியிருந்தது, மழை வரவில்லை, புழுக்கம் உடம்பைப் பிழிந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து எஞ்சின் சூடு வழக்கம்போல மேலே வந்தது. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பெரியண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இங்கே நின்றுவிடும் என்று நினைத்தான். நின்றால் இறங்கிப் போய் கௌஷிக்கிடம் கையை விரித்துவிடலாம், ரன்னிங் கண்டிஷன் இல்லை தம்பி என்று சொல்லிவிடலாம், இன்னொரு மாதம் தள்ளிப்போகும். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது.

அடுத்த சிக்னலிலும் நிற்கவில்லை. ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் வெயிட்டிங், ஏ.சி. கார்கள் எல்லாம் சூடாகிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன. இவன் வேண்டுமென்றே வண்டியை அணைத்தான், மறுபடி சாவியைத் திருப்பினான். தொட்டதும் பற்றிக்கொண்டது. இன்னொரு தடவை அணைத்துத் திருப்பினான். அப்போதும் பற்றிக்கொண்டது.

"நில்லேன்" என்றான் வாய்விட்டு. "எத்தன நாளு என்னைய ரோட்டுல உட்ட! இன்னிக்கு நில்லேன்டி."

வேலம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானுதான் அந்தக் குழாயக் கண்டுபுடிச்சுத் தொலச்சேன்" என்றாள். அதற்கப்புறம் அவள்தான் அழுதாள்.

யார்டில் கேட்டைத் திறந்துவிட்டவன் வண்டி வருகிற சத்தத்தைக் கேட்டே ஆச்சரியப்பட்டான். வேர்த்துக் கொட்டிய நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குனிந்து எஞ்சினைக் கேட்டான், பின்னால் போய்ப் புகையைப் பார்த்தான். "கியா பாத் ஹை" என்றான். இந்த மாதிரி ஓடுகிற வண்டி இங்கே வருவதே இல்லை பாவூஜி, யார் பார்த்த வேலை இது என்று கேட்டான். கேப்பிலிருந்து இறங்கிய கௌஷிக் காகிதங்களை எடுத்து நீட்டினான். அந்த ஆள் ஒரு மூலையைக் காட்டி அங்கே நிறுத்தச் சொன்னான், நிறுத்தியதும் எஞ்சினை அணைக்கச் சொன்னான்.

பெரியண்ணன் அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். வேலம்மாள் கேரியரோடு இறங்கிக்கொண்டாள். அவன் இறங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அதுவாகவே நிற்கும் என்று உட்கார்ந்திருந்தான். வாட்ச்சைப் பார்த்தபடி கௌஷிக் காத்திருந்தான், யார்டு ஆள் காத்திருந்தான். மூன்று மாதமாக நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று அவன் கெஞ்சிய எஞ்சின் அன்றைக்குத்தான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவனேதான் சாவியைத் திருப்பி அதை நிறுத்த வேண்டியிருந்தது.